நங்கநல்லூர் வீட்டுக் கிணறு

சென்னையின் தென்புறநகரான நங்கநல்லூரில் மனை வாங்கியவர்கள் வீட்டுக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே கிணறு வெட்டினார்கள். 1960-களிலும் 70-களிலும் அங்கே பெரும்பாலான தெருக்களுக்குக் குழாய் வரவில்லை. செங்கல்லை நனைக்க, கலவை குழைக்க, எழும்பிய சுவருக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்ற, கொத்தனாரும் சித்தாளும் குடிக்க, எல்லாவற்றுக்கும் மனையிலேயே ஊற்று வேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு மனையிலும் முதலில் குடிவந்தது கிணறு. மனிதர்கள் வந்தது பல மாதம் கழித்து. அந்தப் பேட்டையில் வளர்ந்து, இன்று பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்களிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டால், கூடத்தையும் மாடியையும் சொல்வதற்கு முன் கிணற்றடியைச் சொல்கிறார்கள். அவர்கள் நினைவு சரியான இடத்தில்தான் நிற்கிறது. வீடு இடிந்து அடுக்குமாடி ஆனது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த மாற்றம். அந்த மாற்றத்தில் தெரு எதை இழந்தது என்பதை அறியக் கிணற்றின் கதையைத்தான் கேட்க வேண்டும்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். பாதையை ஒட்டிய வயல்களும் தோப்புகளும் மனைகளாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பழவந்தாங்கல் நிலையத்தில் இறங்கி, தூக்குப் பையோடு வரப்பில் நடந்து வீடு போய்ச் சேர்ந்த காலத்தைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏ.ஜி. ஆபீஸ், தபால் தந்தி, ரயில்வே, மீனம்பாக்கம் விமான நிலையம், வங்கிகள் என்று மாதச் சம்பளக்காரர்கள் வீட்டுவசதிச் சங்கத்துக் கடனில் ஆளுக்கு ஒரு கிரவுண்டு வாங்கினார்கள். 2,400 சதுர அடி. அதில் வீடு பாதி; மீதிப் பாதியில் கிணறு, துவைக்கிற கல், இரண்டு தென்னை, ஒரு வாழை, கனகாம்பரம்.

கிணற்றுக்கு இடம் ஈசான மூலை. நாள் பார்த்துப் பூசை போட்டு, கிணறு வெட்டுகிறவர்கள் மண்வெட்டியை இறக்குவார்கள். இடுப்பளவு பள்ளம் ஆனதும் முதல் சிமென்ட் உறையை உள்ளே வைப்பார்கள். ஒருவர் உறைக்குள் உட்கார்ந்து, அதன் விளிம்புக்கு அடியில் இருக்கும் மண்ணைச் சுற்றிலும் சீராக அரித்தெடுப்பார். அடிமண் விலக விலக, உறை தன் கனத்தாலேயே கீழே இறங்கும். அதன் தலையில் அடுத்த உறை. அதன் மேல் இன்னொன்று. ஒரு பக்கம் மண் அதிகமாகப் போய்விட்டால் உறை சாய்ந்து மாட்டிக்கொள்ளும். அதை நிமிர்த்துவது பெரும்பாடு. மேலே நிற்பவர்கள் கூடையில் மண்ணை இழுத்துக் கொட்டுவார்கள். செம்மண் போய், களி போய், ஈர மணலோ நைந்த பாறையோ தென்படும்போது உள்ளே இருப்பவரின் கால் நனையும். அன்றைக்கு வீட்டுக்காரர் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார். தண்ணீர் உப்பா, இனிப்பா என்று முதல் சொம்பை ருசி பார்ப்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது ஆண்டு அடங்கியிருந்தது. உவர்ப்பு தெரிந்தால் நெல்லிக்கட்டையைக் கிணற்றில் போட்டு வைப்பார்கள்.

உறவுக்காரர்கள் அடுத்தடுத்து மனை வாங்கிய இடங்களில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எல்லையிலேயே ஒரு கிணறு இருக்கும். காம்பவுண்டுச் சுவர் நேராக வந்து கிணற்றின் வாய்க்கு மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். காலை ஐந்தரை மணிக்கு இரண்டு வாளிகளும் ஒரே இருட்டுக்குள் இறங்கும். முகம் தெரியாமலேயே இரண்டு பெண்கள் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பொதுக் கிணறு இல்லாத வீடுகளிலும் உண்மை நிலை அதுதான். சுவர் தரைக்கு மேலேதான் நின்றது. கீழே இருந்த தண்ணீர் தெரு முழுவதற்கும் ஒன்று. ஒரு வீட்டில் மொட்டைமாடிக் கலவைக்காக இரண்டு நாள் விடாமல் இறைத்தால், பக்கத்து வீட்டில் கயிறு ஒரு முழம் கூடுதலாகப் போகும். அதை உடனே கவனித்துச் சுவருக்கு மேலே எட்டிக் கேட்கிற உரிமையும் இருந்தது.

அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு பயணம் செய்த பொருள் ஒன்று உண்டு: பாதாளக் கரண்டி. ஓர் இரும்பு வளையம். அதிலிருந்து தொங்கும் சங்கிலிகளின் நுனிகளில் நாலா பக்கமும் வளைந்த கொக்கிகள். தாம்புக்கயிறு அறுந்தோ முடிச்சு நழுவியோ வாளி கிணற்றில் விழுந்துவிட்டால் அதை எடுக்க இதை விட்டால் வழியில்லை. தெருவுக்கு ஓரிரண்டு வீட்டில்தான் இருக்கும். "மாமி, வாளி விழுந்துடுத்து, அம்மா பாதாளக் கரண்டி வாங்கிண்டு வரச் சொன்னா" என்று பையன் வந்து நிற்பான். கரண்டி சும்மா கிடைக்காது. அவன் கையில் ஒரு பித்தளைச் சொம்போ வெண்கல உருளியோ இருக்க வேண்டும். அதை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போகலாம். இரவலாகப் போன கரண்டி அப்படியே மூன்றாவது வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் போய்விடும் என்பதால் வந்த ஏற்பாடு அது. கரண்டி திரும்பி வந்ததும் சொம்பு திரும்பிப் போகும்.

எடுப்பதற்கும் நேரம் உண்டு. உச்சி வெயில் கிணற்றுக்குள் நேராக விழுகிற வேளை நல்லது. மற்ற நேரமென்றால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து, ஒளியைத் திருப்பிக் கிணற்றுக்குள் அடிப்பார்கள். வட்டமான வெளிச்சம் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அடிவரை போகும். கரண்டியை இறக்கி, கயிறு தொய்ந்ததும் தரை தட்டியது என்று அறிந்து, கிணற்றைச் சுற்றி மெல்ல நடந்தபடி இழுக்க வேண்டும். கொக்கி எதிலாவது மாட்டியதும் கையில் கனம் தெரியும். அவசரப்பட்டு வெட்டி இழுத்தால் நழுவிவிடும். உறையில் இடிக்காமல் மேலே வந்தால், தேடிய வாளிக்குப் பதில் போன வருஷம் தொலைந்த சொம்பு வருவதும் உண்டு. சுற்றி நிற்கும் குழந்தைகளுக்கு அந்த அரை மணி நேரம் திருவிழா. தெருவில் யார் வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம், யார் வீட்டில் அடியில் பாறை, யார் வீட்டில் சேறு என்பதெல்லாம் கரண்டி வைத்திருந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

ஆண்டு முழுவதும் கிணறு கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. சித்திரை, வைகாசியில் கயிற்றின் கடைசி முடிச்சு வரை போகும். ஆனி, ஆடியில் வாளி சாய்ந்து மொள்ளக்கூடத் தண்ணீர் இருக்காது. அப்போது தூர் வாருவார்கள். கயிற்றில் கட்டிய விளக்கை முதலில் இறக்கி, அது அணையாமல் எரிகிறதா என்று பார்த்த பிறகே ஆள் இறங்குவார். சேறும் உடைந்த ஓடும் பந்தும் மேலே வரும். அடி ஊற்றுக் கண் திறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறி ஏறி, குனிந்து கையால் சொம்பில் மொள்ளும் உயரத்துக்கு வந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை ஆறு வயதுப் பிள்ளையும் பார்த்தது. கோடையில் இரண்டு வாளிக்கு மேல் குளிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. எட்டிப் பார்த்தவர்களுக்குத் தானாகவே தெரிந்தது.

இந்த நினைவுகளில் ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். கிணற்றடியில் எல்லோருக்கும் ஒரே இடம் இருக்கவில்லை. பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் வந்த பெண்கள் அந்தக் கல்லருகே மணிக்கணக்கில் குந்தியிருந்தார்கள். பல வீடுகளில் குடிநீர்க் குடத்தை அவர்கள் தொடக் கூடாது. மடியாக இறைக்கிற நேரத்தில் தள்ளி நிற்க வேண்டும். கிணற்றை வெட்டியவருக்கே அதில் தண்ணீர் கைவிட்டு மொண்டுகொள்ள உரிமை இல்லாத வீடுகளும் இருந்தன. தெரு ஒரே நீரைப் பங்கிட்டது உண்மை. அந்தப் பங்கில் சாதி கோடு கிழித்திருந்ததும் உண்மை. பழைய கிணற்றடியை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்தக் கோட்டையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு மோட்டார் வந்தது. அரைக் குதிரைச்சக்தி மோட்டாரும் மொட்டைமாடித் தொட்டியும் பெண்களின் தோள்வலியைத் தீர்த்தன. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாளுக்கு முப்பது, நாற்பது வாளி இறைத்த கைகள் அவை. ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போகும் பழக்கம் வந்ததும் கிணற்றை எட்டிப் பார்ப்பது நின்றது. இலை விழாமல் வலை போட்டார்கள். பிறகு இரும்பு மூடி. பிறகு மூடிக்குப் பூட்டு. கழிவுநீருக்கு அப்போது செப்டிக் டேங்க்தான். ஒரே கிரவுண்டில் ஒரு மூலையில் கிணறும் இன்னொரு மூலையில் செப்டிக் டேங்கும். வீடுகள் நெருங்க நெருங்க, நம் கிணற்றுக்கு அடுத்த வீட்டுத் தொட்டி பக்கம் என்றாயிற்று. குடிப்பதற்கு அந்தத் தண்ணீரை எடுக்கத் தயங்கத் தொடங்கினார்கள்.

அடுத்து வந்தது போர் என்கிற ஆழ்துளைக் கிணறு. இரவு பத்து மணிக்கு மேல் தெருவுக்குள் பெரிய லாரி பின்னால் நகர்ந்து வரும். எண் பலகையில் டி.என். 34 என்றிருந்தால் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளுக்குத் தலைநகரம் அந்த ஊர். விடிய விடிய இரைச்சல். காலையில் சுற்றுப்பட்ட வீடுகளின் ஜன்னல்களில் எல்லாம் சாம்பல் நிறக் கல்மாவு. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் எந்தப் பாறையோ, அந்தச் சார்னோகைட்தான் இந்தப் பகுதியின் அடித்தளம். உறைக்கிணறு அந்தப் பாறைக்கு மேலே உள்ள மண்ணிலும் நைந்த அடுக்கிலும் தேங்கும் நீரை நம்பியது. மழை பெய்தால் அது நிறையும். போர் பாறைக்குள் இறங்கி, அதன் வெடிப்புகளில் நிற்கும் நீரைத் தேடியது. அந்த வெடிப்புகளுக்கு நீர் போய்ச் சேருவது மேல் அடுக்கிலிருந்துதான். ஆகவே ஆழத்தில் இருந்து ஒரு வீடு உறிஞ்சினால், சுற்றியிருந்த கிணறுகள் மேலேயிருந்து வற்றின. வற்றிய வீட்டுக்காரர் தானும் போர் போட்டார். முன்னவர் நூறடி என்றால் இவர் நூற்றைம்பது; அடுத்தவர் இருநூறு. முன்பு கயிறு ஒரு முழம் கூடினாலே சுவர் தாண்டிக் கேட்டவர்கள், இப்போது கேட்க வழியில்லை. ஆறு அங்குலக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.

என் பார்வையில் இந்தப் பேட்டையின் பெரிய மாற்றம் இதுதான். திறந்த கிணறு பற்றாக்குறையை எல்லோருக்கும் காட்டியது. அதனால் அது எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. போர் அதை மறைத்தது. மறைந்ததும் அது அவரவர் கவலையானது. பணம் இருந்தவர் ஆழமாகப் போனார். இல்லாதவர் தெருமுனையில் குடத்தை வரிசையில் வைத்தார்.

1990-களில் இருந்து தனிவீடுகள் ஒவ்வொன்றாகப் பிரமோட்டர் கைக்குப் போயின. பிள்ளைகள் வெளியூரில், பெற்றோருக்கு வயதாகிவிட்டது, படியேறிச் சுத்தம் செய்ய ஆளில்லை. வீட்டை இடித்துக் கொடுத்தால் இரண்டு ஃபிளாட்டும் கையில் கொஞ்சம் பணமும் கிடைக்கும். ஒரு குடும்பம் இருந்த கிரவுண்டில் ஆறு, எட்டுக் குடும்பங்கள் வந்தன. இதற்கிடையே நங்கநல்லூரின் 32 அடி ஆஞ்சநேயர் கோயிலுக்கு 1995-இல் குடமுழுக்கு நடந்தது. ஊருக்கு வெளியிலிருந்தும் கூட்டம் வந்தது. மனை விலை ஏறியது. புதுக் கட்டடத்தில் தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்த வேண்டும். ஈசான மூலைக் கிணறு சரியாக ஒரு காரின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இடித்த வீட்டின் செங்கல், காரை, ஓடு எல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பச் செலவு. கிணறு பக்கத்திலேயே இருந்தது. பல வீடுகள் தங்கள் சொந்தக் கிணற்றுக்குள்தான் போய் விழுந்தன. மேலே சிமென்ட் பூசி, கார் நம்பர் எழுதினார்கள்.

இதே ஊர்க்காரர்களால் சேர்ந்து காரியம் செய்ய முடியாது என்று சொல்ல முடியாது. நங்கநல்லூர் அப்போது ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைக்குத் திட்டம் போட்டபோது, அரசு முழுப்பணமும் தரும் என்று காத்திருக்கவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்கள் பேசிக் கட்ட வைத்தன. மத்தியதரக் குடும்பங்கள், குழாய் வருவதற்கு முன்பே, நம்பிக்கையின் பேரில் பணம் கட்டின. 2000-களின் தொடக்கத்தில் திட்டம் நிறைவேறியது. நாடெங்கும் நகரவியல் படிப்பவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் திட்டம் அது. வீட்டிலிருந்து வெளியே போகிற நீருக்காக ஒன்று கூடிய தெரு, வீட்டுக்குள் வருகிற நீருக்காக மட்டும் தனித்தனியாகத் துளை போட்டுக்கொண்டிருந்தது. இந்த முரணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் நம்பிக்கையும் சேர்ந்தே வருகின்றன.

2003, 2004-இல் சென்னை வறண்டது. அந்தக் கோடைகளில் போர்களும் காற்றைக் கக்கின. 2003-இல் தமிழகமெங்கும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2004-இல் வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியே நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. புறநகரின் தெருக்களில் 12,000 லிட்டர் லாரி அன்றாடக் காட்சியானது. வாசலில் 20 லிட்டர் கேன். லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து. நங்கநல்லூர் ஒரு காலத்தில் எப்படி வயலும் கிணறுமாக இருந்ததோ, அப்படி இருந்த ஊர்களிலிருந்து. தன் கிணற்றை மூடிய பேட்டை இன்னொரு ஊரின் கிணற்றைக் குடித்தது.

2011-இல் ஆலந்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, தென்புறநகரம் மிதந்தது. ஆதம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வீராங்கல் ஓடை வழியாகவும், கீழ்க்கட்டளை ஏரியின் நீர் நாராயணபுரம் ஏரி வழியாகவும் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டியவை. போகிற வழியெல்லாம் வீடுகள். நான்கே ஆண்டில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு ரயில் வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நிலத்தின் இரண்டு முகங்கள். விழுந்த மழையை மண்ணுக்குள் இறக்கும் வாய்களை அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் அது தெருவில் நிற்கும். கோடையில் ரயிலில் வரும்.

வெளியூர் போனவர்கள் பழைய தெருவுக்கு வந்தால் தங்கள் வீட்டை அடையாளம் காணத் திணறுகிறார்கள். கதவு எண் மாறிவிட்டது, வேப்பமரம் இல்லை, எதிர்வீட்டு மாமா, மாமியின் பெயர் கட்டடத்தின் நெற்றியில் ஃபிளாட் பெயராக இருக்கிறது. வாட்ச்மேனிடம் அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கே ஒரு கிணறு இருந்ததே?" சில கட்டடங்களில் பதில் மகிழ்ச்சியாக இருக்கிறது. பிரமோட்டரோடு மல்லுக்கட்டி, கிணற்றை மூடாமல் காப்பாற்றிய குடும்பங்கள் உண்டு. மாடியில் விழும் மழை குழாய் வழியே இறங்கி, மணலும் கருங்கல் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டியைக் கடந்து அந்தக் கிணற்றுக்குள் போகிறது. மழைநீர் சேகரிப்புக்காகப் பாடுபடும் சேகர் ராகவனும் அவர் நடத்தும் மழை இல்லம் என்ற மையமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னைக்குச் சொல்லிவருவது இதைத்தான்: பழைய திறந்த கிணற்றைவிடச் சிறந்த மழைநீர்த் தொட்டி வேறில்லை, அது வற்றிக் கிடந்தாலும் அதை மூடாதீர்கள்.

கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு மனையில் விழுவது மட்டும் 3 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் 25 லாரிக்கு மேல். அத்தனையும் கிடைக்காது, ஆவியாகும், வழியும். பாதி இறங்கினாலே பத்துப் பன்னிரண்டு லாரி. அதுவும் அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் இல்லை. இறங்கிய நீர் சுவரைப் பார்த்து நிற்காது. பக்கத்து வீட்டுப் போரும் அதனால் ஊறும். கிணற்றைக் காப்பாற்றுகிறவர் தெருவுக்கே தண்ணீர் வைக்கிறார்.

மெட்ரோ ரயில் வந்துவிட்டது. இனி வரும் பத்து ஆண்டுகளில் மிச்சமிருக்கும் தனிவீடுகளும் ஒப்பந்தத்துக்குப் போகும். முதலில் கட்டிய மூன்று மாடிக் கட்டடங்களையே இடித்து ஐந்து மாடி எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். யாரையும் தடுக்கவும் முடியாது, தடுக்கத் தேவையும் இல்லை. ஊர் என்றால் ஆள் வரத்தான் செய்யும். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பும் அந்த ஒப்பந்தத்தில் எத்தனை சதுர அடி, எந்த டைல்ஸ், லிஃப்ட் எந்தக் கம்பெனி என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மனையில் உள்ள கிணறு மூடப்படாது, மாடி மழைநீர் அதில் விடப்படும், மேலே கம்பி வலை மட்டுமே, கான்கிரீட் மூடி கூடாது. மூடியிருந்தால் தோண்டித் தூர் வாரச் சொல்லுங்கள். ஒரு கார் குறைவாக நிற்கட்டும். புதிதாகக் குடிவரும் எட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளும், காவலுக்கு இருப்பவரின் பிள்ளையும், வேலைக்கு வரும் அக்காவும், எந்தக் கோடும் இல்லாமல், அதில் எட்டிப் பார்த்து இந்த வருஷம் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். அதைத் தெரிந்துகொண்ட தெருவால், சாக்கடைக்கு ஒன்று கூடியதைப் போலக் குடிநீருக்கும் ஒன்று கூட முடியும்.